ஒட்டியும் ஒட்டாத இணைப்பு

பழைய பெட்டி டிவியில் படம் ஆடினால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவோம், படம் நின்றுவிடும். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து 'டிரை சால்டர்' என்பார். உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரின் கால்களைச் சுற்றி வட்டமாக, மயிரிழை அளவில் விரிசல் தெரியும். ஓடும்போது சூடாகி, அணைத்தால் ஆறி, ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கியதில் அந்தக் கனமான பாகத்தைத் தாங்கிய சால்டர் சோர்ந்து பிளந்திருக்கும். தட்டும்போது விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொள்ளும். தொடுவது வேறு, இணைவது வேறு. சர்க்யூட் போர்டு ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டில் மிகக் கடினமான பகுதி இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான்.

நல்ல இணைப்பில், உருகிய சால்டரில் உள்ள வெள்ளீயம் போர்டின் செம்போடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனில் புதிய சேர்மப் படலம் ஒன்று உருவாகியிருக்கும். செம்பின் மேல் ஆக்சைடு படிந்திருந்தால் அது நடக்காது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் துடைப்பதும் ஆக்சைடை நீக்கத்தான். ஆலையில் அந்த வேலை ஃப்ளக்ஸுக்கு. படலம் அளவுக்கு மீறித் தடித்தாலும் ஆபத்து, எளிதில் நொறுங்கும். சூடு குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது.

இன்றைய ஆலையில் சால்டர் பொடியும் ஃப்ளக்ஸும் குழைத்த பசையை, துளையிட்ட மெல்லிய எஃகுத் தகடு வழியே போர்டில் அச்சிடுகிறார்கள். அதன்மேல் எந்திரம் பாகங்களை வைக்க, போர்டு நீண்ட அடுப்புக்குள் ஊர்ந்து போகிறது. குறைகளில் பெரும்பங்கு அந்த அச்சிலேயே பிறந்துவிடுகிறது. பசை கூடினால் பக்கத்துக் கால்கள் ஷார்ட் ஆகும். குறைந்தால் இணைப்பு மெலியும். ஒரு மில்லிமீட்டர் நீள ரெசிஸ்டரின் ஒரு முனையில் மட்டும் பசை முந்தி உருகினால், அதன் பரப்பு இழுவிசை பாகத்தையே செங்குத்தாக நிமிர்த்திவிடும். பசையின் உயரத்தை அடுப்புக்கு முன்பே அளக்கும் ஆலைதான் நல்ல ஆலை என்பேன். அங்கே தவறு தெரிந்தால் போர்டைக் கழுவி மறுபடி அச்சிடலாம்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. காரீயம் நஞ்சு, அந்த முடிவு சரியானதே. ஆனால் வேலை கடினமாயிற்று. வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற பழைய கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். பதிலுக்கு வந்த வெள்ளீயம்–வெள்ளி–செம்புக் கலவை உருகவே ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அடுப்பின் உச்சச் சூடு பெரும்பாலும் 240 டிகிரியை எட்டுகிறது. அந்தச் சூட்டில், ஈரம் உறிஞ்சிய சிப்புக்குள் நீராவி பெருகி அது வெடிக்கலாம். போர்டும் சிப்பும் வளையும்.

வளைவதுதான் பெரிய தொல்லை. பல சிப்புகளுக்கு இப்போது ஓரத்தில் கால்கள் கிடையாது. அடிவயிற்றில் வரிசை வரிசையாக சால்டர் உருண்டைகள் இருக்கின்றன. அடுப்பில் சிப் லேசாக வளைந்தால் மூலையிலுள்ள உருண்டை பசையை விட்டு எழும்பித் தனியே ஆக்சைடு பிடிக்கும். ஆறும்போது கீழிறங்கிப் பசையில் பதிந்து உட்காரும், கலக்காது. 'தலையணையில் தலை' என்று தொழிலில் பெயர். சிப்புக்கு அடியில் இருப்பதால் கேமராவுக்குத் தெரியாது. நேர்மேலிருந்து எடுத்த எக்ஸ்-ரேயிலும் மற்ற உருண்டைகளைப் போலவே தெரிந்து ஏமாற்றும். சாய்த்து எடுத்தால் இடுப்பு ஒடுங்கியிருப்பது பிடிபடலாம். மின்சோதனையில் மின்சாரம் பாய்ந்து, போர்டு தேறிவிடும். வாங்கியவர் வீட்டில் சில மாதம் கழித்து நின்றுபோகும்.

உறுதியாக அறிய, சிவப்புச் சாயத்தை அடியில் ஊறவைத்து, காய்ந்தபின் சிப்பைப் பெயர்த்துப் பார்ப்பார்கள். சாயம் ஏறிய உருண்டைகள் இணையாதவை. ஆனால் பெயர்த்த போர்டை விற்க முடியாது; ஒன்றிரண்டு மாதிரிகளுக்கே இது முடியும். மற்றவற்றைக் காப்பது முன்கூட்டிய கவனம்தான்: சிப்புகளை ஈரம் படாத உறைகளில் வைப்பது, பசையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நேரத்தைக் குறிப்பது, வெப்ப உணரிகள் ஒட்டிய போர்டு ஒன்றை அடுப்புக்குள் அனுப்பி ஒவ்வொரு மூலையும் எத்தனை டிகிரியை, எத்தனை விநாடி தாங்கியது என்று பதிவுசெய்வது.