தண்ணீரைப் பிடித்துவைக்கும் உமி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டால் நிலாவரைப் பொடியும் கிடைக்கும், இசப்கோல் விதையின் உமியும் கிடைக்கும். இரண்டும் ஒரே வேலைக்குத்தான் என்று வாங்கிப் போகிறவர்கள் அதிகம். நிலாவரை பெருங்குடலைத் தூண்டி முடுக்குகிறது. இசப்கோல் குடலைச் சீண்டுவதில்லை, மலத்தைத்தான் மாற்றுகிறது.

இசப்கோல் செடி கேரளத்து ஈரத்துக்கு ஒத்துவராது. குஜராத், ராஜஸ்தான் வறண்ட வயல்களில் குளிர்காலப் பயிராக விளைந்து, குஜராத்தின் உஞ்சா சந்தை வழியாக நாடெங்கும் போகிறது. உலக விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுடையது. அதிகம் வாங்குவது அமெரிக்கா. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் போதும், முற்றிய விதைகள் நீரை உறிஞ்சிப் பருத்து உதிர்ந்து, மகசூல் கெட்டுவிடும். விவசாயியை அழவைக்கும் அந்தக் குணம்தான் மருந்து.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உமியைப் போட்டுப் பாருங்கள். முதலில் தவிடுபோல மிதக்கும். சில நிமிடங்களில் ஒவ்வொரு துணுக்கும் கண்ணாடிபோலத் தெளிந்து வீங்கும். இன்னும் சற்று விட்டால் தம்ளரைச் சாய்த்தாலும் மெல்லத்தான் நகரும். உமியிலுள்ள அராபினோசைலான் என்ற நார்ச்சத்தின் வேலை இது. சிறுகுடலின் நொதிகளால் அதை உடைக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்களும் அதிகம் தின்பதில்லை. அதனால் பிடித்த நீரைக் கடைசிவரை விடாமல் கொண்டுபோகிறது. மலம் இளகிப் பருக்கிறது, குடல்சுவர் விரிகிறது, விரிந்த சுவர் தானே சுருங்கித் தள்ளுகிறது. பலன் தெரிய 12 மணி முதல் 72 மணி நேரம் ஆகலாம். இரவு குடித்துவிட்டுக் காலையில் ஒன்றும் ஆகவில்லையே என்று அளவைக் கூட்டுவது தவறு.

வயிற்றுப்போக்கிலும் இதே உமி உதவுவதுண்டு. மிஞ்சிய நீரை அது பிடித்துக்கொள்கிறது. இரத்தக் கொழுப்பையும் ஓரளவு குறைக்கும். இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவு லேபிளில் குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதி தந்தது.

அதே நிர்வாகம் 2007இல், இசப்கோலைக் குருணை வடிவ மலமிளக்கியாகக் கடையில் விற்பதற்குத் தடை போட்டது. போதிய தண்ணீரின்றி விழுங்கினால் உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும் ஆபத்தே காரணம். உமிக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 240 மில்லி தண்ணீர் வேண்டும். கலக்கியதும் குடித்துவிட வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். சிறு அளவில் தொடங்கிக் கூட்டினால் வயிற்று உப்புசம் குறையும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை உடலில் சேர்வதை உமி தடுக்கக்கூடும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது, இரத்தச் சர்க்கரை இறங்கலாம்.

புட்டும் கடலைக்கறியும், பயறுத் தோரனும் நன்றாகச் சாப்பிடுகிற வீட்டில் நார்ச்சத்து ஏற்கெனவே கிடைக்கிறது. அங்கே பெரும்பாலும் குறைவது தண்ணீராக இருக்கலாம்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களும் குடல் அடைப்பு உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. வயிற்றுவலியோடு வாந்தி, மலத்தில் இரத்தம், திடீரென மாறிய மலப்பழக்கம் என்றால் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனை.