வண்டி மகனுக்கு, வழக்கு யாருக்கு?

வாசலிலே கார் வந்து நிற்கிறது, தோழர்களே!

முப்பது ஆண்டு ரயில்வே ஒர்க்ஷாப்பிலே இரும்போடு இரும்பாகத் தேய்ந்த தகப்பன். சைக்கிளிலே வேலைக்குப் போனவர். சைக்கிளிலேயே வீடு திரும்பியவர். மழையிலே நனைந்தவர், வெயிலிலே காய்ந்தவர். அவர் மகன் படித்தான், பட்டம் பெற்றான், ஒரகடத்துத் தொழிற்சாலையிலே வேலைக்குச் சேர்ந்தான், இருபத்துமூன்று வயதிலே கார் வாங்கிவிட்டான். தெருவே கூடி நின்று பார்க்கிறது. தாய் கற்பூரம் காட்டுகிறாள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். பழம் நசுங்குகிறது, வண்டி நகர்கிறது, தகப்பன் கண்ணிலே நீர் துளிர்க்கிறது. உழைப்பவன் வீட்டு வாசலிலே கார் நிற்பது கண்டு மகிழாதவன் நம்மில் எவன்?

எலுமிச்சம்பழம் நாலு வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதிவுப் புத்தகத்திலே எவர் பெயர், பாலிசியிலே எவர் பெயர் என்று கேட்பதற்கு மட்டும் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை!

இந்தக் குடும்பம் என் கற்பனைதான். ஆனால் இதே குடும்பத்தை உங்கள் தெருவிலே நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையனுக்கு வேலை புதிது. ஆகவே கடன் கம்பெனிக்காரன் அவனை நம்பவில்லை. “அப்பாவுக்கு நிரந்தர வேலையா? அப்படியானால் அவர் பெயரிலே கடன் தருகிறேன்” என்றான். கடன் அப்பா பெயரில். கடன் எவர் பெயரிலோ அவர் பெயரிலேயே வண்டி. வண்டி எவர் பெயரிலோ அவர் பெயரிலேயே இன்ஷூரன்ஸ். ஓட்டுகிறவன் மகன். தவணை கட்டுகிறவன் மகன். பெட்ரோல் போடுகிறவனும் அவனே. ஆனால் காகிதத்திலே மகன் இல்லை!

“அதனாலென்ன? அப்பன் வேறு, மகன் வேறா?” என்று கேட்பீர்கள். வீட்டிலே வேறல்ல. சட்டத்திலே வேறு.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டாவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது: பதிவேட்டிலே எவன் பெயரோ அவனே வண்டியின் சொந்தக்காரன். பணம் தந்தவன் சொந்தக்காரன் என்பது ஊர் வழக்கு; பெயர் உள்ளவன் சொந்தக்காரன் என்பது சட்ட வழக்கு. 2018 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு காரை முதல் சொந்தக்காரர் விற்றுவிட்டார், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவரும் விற்றார். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போன கார் ஒரு விபத்திலே சிக்கியது. பதிவேட்டிலே மட்டும் முதல் ஆளின் பெயர் மாறவேயில்லை. “நான்தான் எப்போதோ விற்றுவிட்டேனே” என்றார் அவர். நீதிமன்றம் என்ன சொன்னது? விபத்தன்று பதிவேட்டிலே உன் பெயர். ஆகவே இழப்பீட்டுக்குப் பொறுப்பும் உனதே என்றது. காரைக் கண்ணால் பார்த்தே வருடங்கள் ஆன மனிதருக்கு இந்தக் கதி. வீட்டு வாசலிலேயே காரை வைத்திருக்கும் தகப்பனுக்கு வேறு கதி உண்டா?

இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கும் வரையிலே அச்சமில்லை. சாலையிலே அடிபட்டவனுக்குக் கம்பெனி கொடுக்கும். நம் நாட்டிலே இந்த மூன்றாம் நபர் காப்பு 1946 முதல் கட்டாயம். இன்றைக்கும் சிறிய காருக்கு, 2022 இல் அறிவித்த கட்டணப்படி, ஆண்டுக்கு 2,094 ரூபாய்தான். ஆயிரம் சிசிக்கு மேல் ஆயிரத்தைந்நூறு வரையில் 3,416 ரூபாய். சாவுக்கும் காயத்துக்கும் இந்தப் பணத்திலே உச்சவரம்பு இல்லாத பொறுப்பைக் கம்பெனி ஏற்கிறது. இதைத் தண்டச் செலவு என்று முணுமுணுக்கும் தோழர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஷிப்டு முடிந்து சாலையோரமாக நடந்து வருகிறானே ஒருவன், சோற்றுத் தூக்கைக் கையிலே பிடித்தபடி, அவனுக்காக ஏற்பட்ட காப்பு அது. காருக்குள்ளே இருக்கும் நம் பிள்ளைக்காக மட்டுமல்ல; காருக்கு வெளியே இருக்கும் நம் ஆளுக்காகவும்.

இனி நம் கதைக்கு வருவோம். 2018 செப்டம்பர் முதல் புதுக்காருக்கு மூன்று ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றானது. ஆகவே மூன்று ஆண்டு கவலையில்லை. ஆனால் வண்டி சேதமானால் நமக்குப் பணம் தரும் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ‘மூன்று வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்ற மயக்கத்திலே இரண்டாம் ஆண்டு அந்தப் பகுதியை விட்டவர்கள் ஏராளம். மழை வெள்ளத்திலே வண்டி மூழ்கிய பிறகுதான் பலர் அந்தக் காகிதத்தை முதன்முதலாகப் படிக்கிறார்கள்.

அது போகட்டும். மூன்றாண்டு முடிகிறது. புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்று கம்பெனியிலிருந்து செய்தி வருகிறது. எவருடைய போனுக்கு? பாலிசி எவர் பெயரிலோ அவருடைய போனுக்கு! ஆங்கிலத்திலே வருகிறது. ஓய்வு பெற்றுவிட்ட தகப்பன், கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று தினம் வந்து குவியும் செய்திகளிலே அதுவும் ஒன்று என்று தள்ளிவிடுகிறார். மகனோ, தவணை ஒழுங்காகப் போகிறது, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நம்பியிருக்கிறான். பாலிசி செத்துவிட்டது, வீட்டிலே ஒருவருக்கும் சாவுச் செய்தி தெரியாது.

அப்புறம் ஒரு நாள் இரவு, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே ஒருவன் அடிபட்டு வீழ்கிறான்.

“ஓட்டியது நான்தானே, என்னைக் கேளுங்கள்” என்கிறான் மகன். அவனையும் கேட்கிறார்கள், அப்பனையும் கேட்கிறார்கள். சென்னையிலே ஸ்மால் காஸஸ் கோர்ட்டிலே இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நடக்கிறது. அங்கே எதிர்மனுதாரர் பட்டியலிலே சொந்தக்காரர் என்று தகப்பன் பெயர் ஏறுகிறது. இறந்தவன் வயதையும் சம்பளத்தையும் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். தொகை லட்சக்கணக்கிலே போகும். தரவேண்டிய கம்பெனி இல்லை. கட்டாவிட்டால், சட்டத்தின் 174 ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். நிலவரிப் பாக்கியை எப்படி வசூலிப்பார்களோ அப்படி வசூலிப்பார்கள். நிலவரிப் பாக்கி என்றால் என்ன பொருள் என்று கிராமத்திலே பிறந்த தோழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிராவிடண்டு பணத்தைக் கொட்டிக் கட்டிய ஒன்றரை கிரவுண்டு வீடு இருக்கிறதே, அதன் மீது கை விழும். வண்டி மகன் பெயரிலே இருந்திருந்தால்? வயது வந்த மகன் தன் வண்டியைத் தானே ஓட்டிச் செய்த விபத்துக்குத் தகப்பன் என்பதற்காக மட்டும் எவரும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

பாலிசி இருந்தும் இதே கதி வரலாம். ஓட்டியவனிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்றால், கம்பெனி முதலில் அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக்காரனிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. வெள்ளைப் பலகைக் காரை, வேலையில்லாத நாளிலே நாலு காசு பார்க்கலாம் என்று வாடகைக்கு ஓட்டும் பிள்ளைகள் உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி, வாடகை ஓட்டத்துக்குச் சேதப்பணம் தராது. மகன் வாங்கிய நூறுக்கும் இருநூறுக்கும் தகப்பன் கையெழுத்திட்ட காகிதம் பலியாகிறது.

இன்னொரு வீட்டுக்கு வாருங்கள். இது வாத்தியார் வீடு. முன்பே ஒரு கார் வைத்திருந்து, ஐந்தாறு ஆண்டு ஒரு சேதமும் கேட்காதவர். ஆகவே அவருக்கு 50 சதவீதம் போனஸ் தள்ளுபடி உண்டு. முதலாண்டுக்கு 20, பிறகு 25, 35, 45, கடைசியிலே 50 என்று ஏறும் சலுகை அது. ஏஜெண்டு காதிலே ஓதுகிறான்: “புது வண்டியையும் உங்கள் பெயரிலேயே எடுங்கள் சார். பையன் பெயரிலே எடுத்தால் போனஸ் கிடையாது.” அவன் சொல்வது மெய்தான். அந்தப் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, மனிதனுக்கு உரியது. தகப்பன் உயிரோடிருக்கையிலே மகனுக்கு மாற்ற முடியாது. ஆனால் மிச்சம் எவ்வளவு? சொந்தச் சேதக் கட்டணத்திலே மட்டும்தான் அந்தத் தள்ளுபடி. அந்தக் கட்டணம் 8,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 4,000.

அந்த நாலாயிரத்துக்கு அவர் இழப்பது என்ன தெரியுமா? சொந்தக்காரன் தானே ஓட்டிச் சென்று மாண்டால் குடும்பத்துக்கு 15 லட்சம் தரும் விபத்துக் காப்பு ஒன்று உண்டு. 2018 இலே தான் 15 லட்சமாக்கினார்கள். கட்டணம் அப்போது 750 ரூபாய். அது யாருக்கு? பதிவேட்டிலும் பாலிசியிலும் பெயருள்ள, லைசென்ஸ் உள்ள சொந்தக்காரனுக்கு. வாத்தியார் ஓட்டுவதில்லை, அவரிடம் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடக்கிறது, அவருக்குப் பயனில்லை. மகன் நாளெல்லாம் ஓட்டுகிறான், அவன் பெயரில்லை, அவனுக்கும் உரிமையில்லை. ஓட்டாதவருக்குக் காப்பு, ஓட்டுகிறவனுக்குக் கைவிரிப்பு!

“அப்பா காரை மகன் ஓட்டிப் போனான், கம்பெனி கொடுக்காதா?” என்று வாதாடிப் பார்க்கலாம். இரவல் வாங்கி ஓட்டியவன் சொந்தக்காரனின் இடத்திலேயே நிற்கிறான், அவன் மூன்றாம் நபர் அல்ல என்பது உச்சநீதிமன்றம் 2009 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் சொல். 2025 ஜூலையிலே கர்நாடகத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. காரை வேகமாக ஓட்டித் தானே கவிழ்ந்து மாண்டவரின் குடும்பத்தார் 80 லட்சம் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே வண்டியை மகன் பெயருக்கு மாற்ற இயலாத வீட்டிலே, அதிகப்படிக் கட்டணம் கட்டி, பெயர் குறித்த நபருக்கு என்று தனி விபத்துக் காப்பையாவது மகன் பெயரிலே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உறவினர் எவரோ சீமையிலிருந்து வந்து, “அப்பா பெயரிலே எடுத்தால் கட்டணம் குறையும்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே இளைஞன் ஓட்டினால் கட்டணம் எகிறும். அதற்குப் பயந்து ‘நான்தான் முக்கியமாக ஓட்டுகிறேன்’ என்று தகப்பன் எழுதிக் கொடுப்பதுண்டு. பிரிட்டனிலே அதை மோசடி என்றே கருதுகிறார்கள். இங்கே மூன்றாம் நபர் கட்டணம் என்ஜின் அளவைப் பார்க்கிறது, ஓட்டுகிறவன் வயதைப் பார்ப்பதில்லை. அங்கத்திய கணக்கை இங்கே கொண்டுவந்து போடுவது, குளிர் தேசத்துக் கம்பளியைச் சித்திரை வெயிலிலே போர்த்திக்கொள்வது போல!

மூன்றாவது வீடுதான் மிகவும் பரிதாபம். பையன் செகண்ட்ஹாண்டு கார் வாங்குகிறான். மூன்று லட்சம் எண்ணிக் கொடுக்கிறான், சாவியை வாங்கிக்கொள்கிறான். “பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம், இன்ஷூரன்ஸ் எட்டு மாதம் இருக்கிறது” என்கிறான் தரகன். இரண்டு மாதம் கழித்து லாரியிலே மோதிக் கார் அப்பளமாகிறது. கம்பெனியின் கேள்வி இரண்டே. கார் யாருடையது? பையனுடையது. பாலிசி யாருடையது? விற்றவருடையது. இழந்தவன் எங்களோடு ஒப்பந்தம் செய்யவில்லை. ஒப்பந்தம் செய்தவர் எதையும் இழக்கவில்லை. ஆகவே இருவருக்கும் இல்லை! 157 ஆம் பிரிவு, வண்டியோடு பாலிசியும் மாறியதாகக் கொள்ளலாம் என்கிறதே என்றால், அது அடிபட்ட மூன்றாம் நபருக்காக மட்டும், சொந்தச் சேதத்துக்கு அல்ல என்று 1990களின் நடுவிலேயே உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது.

இத்தனைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒரு பகல் வேலை. 29, 30 என்று இரண்டு படிவங்கள். விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலே சேர்க்க வேண்டும். விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் எழுதி, பெயர் மாற்றிய காகிதத்தைக் கையிலே வாங்கிவிட வேண்டும். ‘எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்பது போதாது. காகிதம் கைக்கு வர வேண்டும். தகப்பன் பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாற்றுவதற்கும் இதே வழிதான். கடன் பாக்கியிருந்தால் கடன் கொடுத்தவனின் சம்மதம் வேண்டும், அதற்கு நடையாய் நடக்கத்தான் வேண்டியிருக்கும்.

கூட்டாளிகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெறும் மூன்றாம் நபர் பாலிசி, காருக்குள்ளே உட்கார்ந்து வருகிறவனைக் காப்பதில்லை. முழுப் பாலிசி காக்கும்; சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலே 2012 இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாவி கொடுக்கும் தகப்பனைப் பற்றி நான் பேசப் போவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 25,000 அபராதமும் காத்திருக்கின்றன, அதுவே பேசும்.

எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தும் உங்கள் பாலிசிப் பணத்தைக் கம்பெனி இழுத்தடித்தால், முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பாருங்கள். பதிலில்லை, அல்லது பதிலிலே நியாயமில்லை என்றால், சென்னையிலே இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்று ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஓராண்டுக்குள் அவரிடம் மனுப் போடலாம். 50 லட்சம் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். கட்டணம் ஒரு காசு கிடையாது. வக்கீல் வைத்து வாதாட அங்கே அனுமதியும் கிடையாது. உங்கள் வழக்கை நீங்களே எழுந்து நின்று பேச வேண்டும். தெருமுனையிலே மேஜை போட்டு இரண்டு மணி நேரம் பேசுகிற உங்களுக்குப் பேசவா தெரியாது!