நல்ல நகவெட்டியைத் தெரிந்தெடுப்பது எப்படி?

அரிசி, மா, சீனி, பிள்ளைகளின் கொப்பி, மருந்து என்று மாதச் சாமான்களை எழுதும்போது நகவெட்டியையும் சேர்த்து எழுதுபவர்கள் எங்களில் மிகக் குறைவு. பஸ் நிலையத்தில் சாவிக்கொத்துகளோடு தொங்கும் ஒன்றை, மிச்சக் காசுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். இரண்டு மாதத்தில் அது நகத்தை வெட்டாமல் மடிக்கத் தொடங்கிவிடும். பிறகு பிளேட், கத்தரிக்கோல், பல் என்று எது அகப்படுகிறதோ அதுதான்.

எங்கள் வீடுகளில் நகம் வெட்டும் வேலை யாருடையது என்று சற்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு வெட்டுவது நாங்கள். கண் மங்கிய மாமிக்கு வெட்டுவது நாங்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்த அம்மாவுக்கும், யுத்தத்தில் ஒரு கையை இழந்த கணவருக்கும் வெட்டுவது நாங்கள்தான். தவறிப் பட்ட வெட்டுக்காயம் சீழ் பிடித்தால் வைத்தியசாலைக்கு அலைவதும் நாங்கள்தான். ஆகவே இது அழகு சம்பந்தமான விடயம் மாத்திரமல்ல.

நான் உப்புவெளியில் சிறியதோர் அழகுக்கலை நிலையம் நடத்தி வருகிறேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வீடுகளுக்குச் சென்றும் வேலை செய்வதுண்டு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அது இலகுவாயிற்று. "ஒரு நகவெட்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ பிள்ளை?" என்று கேட்கும் அம்மாமார் உண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலையே இங்கு எழுதுகிறேன்.

கடற்காற்றும் கறளும்

திருகோணமலையில் இரும்புச் சாமானுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் யன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, கதவுப் பிணைச்சல் எல்லாம் எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மலிவான நகவெட்டிகள் சாதாரண இரும்புத் தகட்டில் மினுக்கமான முலாம் பூசப்பட்டவை. முலாம் முதலில் தேய்வது வெட்டும் விளிம்பில்தான். அந்த இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் கறள் பிடித்து, விளிம்பில் சிறு குழிகள் விழும். அதன் பிறகு அது நகத்தை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நகத்தின் ஓரம் சதையில் குத்தி நகச்சுற்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே கடலோரத்தில் வாழும் நாங்கள் எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத உருக்கில் செய்ததை வாங்குவது நல்லது. இங்கே பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: "காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வர் இல்லை" என்பார்கள். கறிச்சட்டிக்கும் தட்டுக்கும் இது ஓரளவு பொருந்தும். வெட்டும் கருவிக்குப் பொருந்தாது. சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கக்கூடிய துருப்பிடிக்காத உருக்கில் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத வகையை அப்படிக் கடினமாக்க முடியாது. அதில் செய்த விளிம்பு விரைவில் மழுங்கும். ஆகவே காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு, பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள்.

கடையில் நின்றே செய்யக்கூடிய சோதனைகள்

1. வெளிச்சச் சோதனை: பிடியை அழுத்தி நகவெட்டியின் வாயை மூடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் முழு நீளத்துக்கும் பொருந்த வேண்டும். நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் கசிந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதும் கூடாது.

2. கடதாசிச் சோதனை: கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டையோ மெல்லிய பொலித்தீனையோ வெட்டிப் பாருங்கள். ஒரே அழுத்தில் சுத்தமாக விழ வேண்டும். மடிந்தால், இழுபட்டால் நகத்துக்கும் அதே கதிதான்.

3. ஆட்டச் சோதனை: பிடியை இரு பக்கமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நடு ஆணியில் கொஞ்ச ஆட்டம் இருக்கும். ஆனால் ஆட்டும்போது விளிம்புகளும் விலகினால் அது நிலைக்காது. வால் பக்கத்தில் இரு தகடுகளும் சேரும் இடம் உறுதியாக இருக்க வேண்டும்.

4. அழுத்தச் சோதனை: அழுத்தும்போது பிடி வளையக்கூடாது; விட்டவுடன் வாய் தானாகத் திறக்க வேண்டும். பிடியின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கூரான ஓரம் உங்கள் கையையே வெட்டும்.

பெயரைப் பார்த்து வாங்க விரும்புபவர்களுக்கும் சில விபரங்கள். கொரியாவின் '777' நகவெட்டி 1975 இல் தொடங்கிய நிறுவனமொன்றின் தயாரிப்பு. யப்பானின் செக்கி நகரம் பல நூற்றாண்டுகளாக வாள் செய்த ஊர்; 1908 இல் அங்கு தோன்றிய 'காய்' நிறுவனம் இன்று நகவெட்டிகளும் செய்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரமும் கத்திகளுக்குப் பேர்போனது. அந்த நகரின் பெயரை அங்கு செய்த பொருட்களுக்கு மாத்திரமே பாவிக்கலாம் என்பதற்கு 1938 முதல் அந்நாட்டில் சட்டம் உண்டு. ஆனால் நடைபாதைக் கடையில் எந்தப் பெயரையும் எதிலும் பொறித்து விற்கலாம். பெயர் எதுவானாலும் நான்கு சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். நல்லதொன்றின் விலை மலிவானதைப் போல் சில மடங்காக இருந்தாலும் வருடக்கணக்கில் உழைக்கும்.

யாருக்கு எது?

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதில் ஏறத்தாழ பாதி வேகத்திலேயே வளரும், ஆனால் தடிப்பானது. இரண்டுக்கும் ஒரே நகவெட்டி சரிவராது.

கைநகத்துக்கு வளைந்த வாயுள்ள சிறியது போதும். கால்நகத்துக்கு நேரான, அகன்ற வாயுள்ள பெரியது வேண்டும். காலில் மூலைகளை உள்ளே வளைத்து வெட்டினால் வளரும் நகம் சதைக்குள் இறங்கும். நேராக வெட்டி, மூலைகளை அரத்தால் மெதுவாக உரசிவிடுங்கள்.

குழந்தைகளுக்கென்று சிறிய வாயுள்ளவை பாமசிகளில் கிடைக்கும். விரல்நுனிச் சதையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளை நித்திரையாக இருக்கும்போது வெட்டுவது நல்லது. மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் நக இடுக்கில் புழு முட்டைகள் தங்கி வாய்க்குள் போகும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை நகம் வெட்டமாட்டோம். எங்கள் முஸ்லிம் சகோதரிகள் ஜும்ஆவுக்கு முன் வெட்டுவதையே விரும்புவர். எந்த நாளானாலும் பரவாயில்லை, நல்ல வெளிச்சம் இருந்தால் சரி.

காயப்பட்ட நகங்கள்

நகம் வளர்வது அதன் அடியில் தோலுக்குள் மறைந்திருக்கும் வேரிலிருந்து. எறிகணைச் சிதறலோ, நசுங்கலோ, தீக்காயமோ அந்த வேரைத் தாக்கியிருந்தால் நகம் ஆயுள் முழுதும் பிளந்தோ, தடித்தோ, மேடு பள்ளமாகவோ வளரலாம். எனது வலது காற்பெருவிரல் 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது காயப்பட்டது. அந்த நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. என்னிடம் வரும் பல பெண்கள் இப்படிப்பட்ட விரலைத் துணிக்குள் மறைத்துக்கொண்டே உட்காருவார்கள்.

இத்தகைய நகத்துக்குச் சாதாரண நகவெட்டியின் வாய் போதாது. குறடு போன்ற வடிவில் இரண்டு கைபிடிகளும் ஸ்பிரிங்கும் உள்ள நகவெட்டி கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். நுனிகள் இரண்டும் ஒன்றாகச் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருங்கள். ஒரே தடவையில் வெட்டாமல் அரிசியளவு அரிசியளவாக வெட்டுங்கள். பிளவின் ஓரத்தை அரத்தால் உரசினால் சீலையிலும் பாயிலும் கொழுவாது.

ஒரு கையால் வெட்டுவதற்கு

ஒரு கை இல்லாதவருக்கு, இருக்கும் கையின் நகத்தை வெட்ட இன்னொருவர் தேவைப்படுகிறார். இதைக் கேட்கவே வெட்கப்பட்டு நகத்தைக் கடித்துத் துப்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பலகைத் துண்டு இருந்தால் போதும். ஒரு சாண் நீளமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள பலகையில் பெரிய நகவெட்டியை வைத்து, வால் பக்கத்துத் துளையில் திருகாணி இறுக்குங்கள். அடித்தகட்டை எப்பொக்சிப் பசையால் ஒட்டுங்கள். வாய் பலகையின் விளிம்புக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தும் பிடியின் மேல் தட்டையான மரத்துண்டொன்றை ஒட்டினால் அழுத்துவது இலகு. பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் வழுக்காது.

முழங்கைக்குக் கீழே கை இல்லாதவர் மேசையில் வைத்து முழங்கையால் அழுத்தலாம். தோளோடு கை இல்லாதவர் தாழ்ந்த வாங்கில் இருந்துகொண்டு, பலகையைத் தரையில் வைத்துக் குதிக்காலால் அழுத்தலாம். பலகையின் மறுமுனையில் மெல்லிய மண்கடதாசி ஒட்டினால் அதுவே அரமாகும். மரவேலை தெரிந்த ஒருவருக்கு இது அரைமணி நேர வேலை. செய்து கொடுத்த ஒரு வீட்டில், "இனி இதுக்கும் உங்களைக் கூப்பிடத் தேவையில்லை" என்று மனைவியிடம் ஒருவர் சொன்னார். அவர்கள் இருவருமே சிரித்தார்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களின் கால்

நீரிழிவு பல வருடமாக இருந்தால் காலின் நரம்பு உணர்வு குறையும். வெட்டுப்பட்டாலும் தெரியாது, அந்தச் சிறு காயம் புண்ணாகி விரலை எடுக்கும் நிலைவரை போகலாம். எனவே வெட்டுவதற்கு முன் ஒரு சிறு பரிசோதனை செய்யுங்கள். அவர் கண்ணை மூடியிருக்க, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் விரலால் மெதுவாக ஓரிரு செக்கன் தொடுங்கள். அழுத்த வேண்டாம். இந்த ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியானவருக்கு வீட்டில் வெட்டாமல், கிளினிக் நாளில் காலைக் காட்டி அங்குள்ளவர்களின் ஆலோசனையைக் கேளுங்கள். உணர்வு இருப்பவருக்கு நேராக, ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். வெட்டியபின் விரலிடுக்குகளைத் துடைத்துப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒன்று

முகாமில் இருந்த காலத்தில் ஒரு நகவெட்டி பத்துக் கொட்டில்களுக்குப் போய்த் திரும்பும். அன்று வேறு வழியில்லை. இன்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்தாலும் பரவும். இலங்கையில் இதற்கான தடுப்பூசி 2003 முதலே குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். ஹெப்படைற்றிஸ் சி இற்குத் தடுப்பூசியே இல்லை. நகப் பூஞ்சணமும் இவ்வாறே தொற்றும்.

வீட்டில் ஒவ்வொருவரின் நகவெட்டியின் வால் துளையிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டிவிடுங்கள். பாவித்தபின் சவர்க்காரமும் பழைய பல்தூரிகையும் கொண்டு கழுவி, துடைத்து, 70 சதவீத அற்ககோல் உள்ள சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நடு ஆணியில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து ஊத்தையைப் பிடித்துவைக்கும். குளியலறையில் வைக்க வேண்டாம்.

அழகுக்கலை நிலையம் தொடங்கும் சகோதரிகளுக்கு

சுயதொழிலாக இதை ஆரம்பிப்பவர்கள் கண்ணாடிக்கும் கதிரைக்கும் செலவழித்துவிட்டு நகவெட்டியில் மிச்சம் பிடிப்பதைக் காண்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்குப் பாவித்ததைத் தூய்மையாக்காமல் அடுத்தவருக்கு எடுக்கக்கூடாது. கழுவி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 20 நிமிடம் அமிழ்த்தி அவித்து, உடனே துடைத்து உலர்த்தி, மூடியுள்ள எவர்சில்வர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கு எப்படியும் அரைமணி நேரம் போகும். மணித்தியாலத்துக்கு இருவர் வருவார்களானால் குறைந்தது நான்கு சோடி வைத்திருங்கள். தொழிலுக்கு அவிப்பதைத் தாங்கும் எவர்சில்வரே வேண்டும். பிளாஸ்டிக் பிடி உள்ளவை உதவா.

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். குளோரின் கரைசலில் ஊறவைத்தால் நல்ல உருக்கும் கறள் பிடிக்கும். லைட்டர் நெருப்பில் காட்டினால் விளிம்பின் கடினம் போய் மழுங்கிவிடும். கடதாசி அரங்களைத் தூய்மையாக்க முடியாது. ஒருவருக்குப் பாவித்ததை அவருக்கே கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து எடுங்கள். ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்தமுறை தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

காசு குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் காலுக்கு ஒரு நேரான பெரிய நகவெட்டி, அடுத்த மாதம் கைக்கு ஒரு சிறியது, பிறகு வீட்டில் தடித்த நகம் உள்ளவர் இருந்தால் குறட்டு வகை ஒன்று என்று வாங்கலாம். சீனி வருத்தம் உள்ளவருக்குத் தனியாக ஒன்று வாங்குவதை மாத்திரம் பிற்போட வேண்டாம். அடுத்தமுறை ரவுணுக்குப் போகும்போது மாதச் சாமான் துண்டில் நகவெட்டியையும் எழுதிக்கொள்ளுங்கள்.