முழுப் பரீட்சை லீவும் கிளை நூலகமும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வாரங்கள் தமிழ்நாட்டு நூலகங்களுக்குப் பெரிய பருவம். முழு ஆண்டுத் தேர்வு முடிகிறது. பிள்ளைகளுக்கு ஜூன் வரைக்கும் பொழுது கிடக்கிறது. நடுவில் ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். இப்போது அந்தச் சமயத்தில் பல ஊர்களில் கிளை நூலகத்தின் கிரில் கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள்: கோடை முகாம், கதை சொல்லல், ஓவியம், சதுரங்கம், காகித மடிப்பு, அனுமதி இலவசம். 1980-களில் எங்கள் ஊர் நூலக வாசலில் தொங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பெயின்டில் எழுதிய தகரப் பலகை ஒன்றுதான். அது வருஷம் முழுக்கத் தொங்கிய பலகை. லீவு விட்டதால் நூலகத்தில் எதுவும் மாறியதில்லை. நாங்கள்தான் கூடுதலாகப் போனோம்.

அது வாடகைக் கட்டடம். ஓட்டு வீட்டின் கூடமும் இரண்டு அறைகளும். கூடத்தில் நீள மேசை, இரு பக்கமும் பெஞ்சு. தினசரிப் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுப்பக்கம் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போய் வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனி இடம் கிடையாது. கதைப் புத்தக பீரோவுக்கு முன்னால் சிமென்ட் தரை சில்லென்று இருக்கும். அதுதான் எங்கள் இடம். அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், ரத்னபாலா எல்லாம் அங்கேதான் பார்த்தோம். புது இதழ் வந்த அன்று ஒரே புத்தகத்தின் மேல் மூன்று தலைகள் கவிழ்ந்திருக்கும், பக்கம் திருப்புவதில் சண்டை வரும். காலை நேரம் முடிந்ததும் நூலகர் சாவிக்கொத்தை ஆட்டுவார். சாயங்காலம்தான் மறுபடி திறப்பு. வெயில் உச்சியில் நிற்கும் மத்தியானத்தில், லீவில் பிள்ளைகளுக்குப் போக்கிடமே இல்லாத நேரத்தில், நூலகம் பூட்டிக் கிடக்கும். முழு நேரக் கிளை நூலகங்களாகத் தரம் உயர்ந்தவற்றை விட்டால், அந்த மத்தியானப் பூட்டு இன்னும் பல ஊர்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு அது அப்போதும் சரியாகப்படவில்லை, இப்போதும் சரியாகப்படவில்லை.

யாரும் எங்களுக்குக் கதை சொல்லவில்லை. நூலகரை சார் என்று கூப்பிடுவோம். பேரேட்டிலிருந்து அவர் தலை நிமிர்வதே அபூர்வம். ஆனால் பீரோவைத் திறந்து எதை வேண்டுமானாலும் எடுக்க விட்டார். வாண்டுமாமா இருக்கும் தட்டுக்கு மேல் தட்டில் ஜெயகாந்தன் இருந்தார். வயதுக்கு மீறிய புத்தகத்தைப் பிள்ளை கையில் பார்த்தாலும் பிடுங்கி வைத்ததில்லை. புரியாத புத்தகத்தைப் பத்துப் பக்கம் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். ஏன் வைத்தாய் என்று கேட்க ஆள் இல்லை. தனக்கு எது பிடிக்கும் என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க, எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்கும் இந்தச் சுதந்திரத்தைப் போல வேறொன்றும் உதவாது என்று நினைக்கிறேன்.

அந்தப் புத்தகங்களின் உருவம் இன்னும் கைக்குத் தெரியும். கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு, பக்கங்களைக் கூட்டித் தடித்த நூலால் தைத்த பைண்டிங். முழுக்க விரிக்க முடியாது; தையல் ஓரத்து எழுத்தைத் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். உள்ளே ஊதா மையில் கிளை நூலகத்தின் வட்ட முத்திரை. கடைசியில் தேதிச் சீட்டு; நமக்கு முன்னால் யாரோ எடுத்துப் போன மாதங்கள் அதில் வரிசையாக நிற்கும். முதுகில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் ஓ என்ற ஆங்கில எழுத்தும் 31,3 என்ற எண்ணும். ஓ என்றால் இலக்கியம், 31 தமிழ், 3 நாவல். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அது. உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கும் அந்த முறை, ஓட்டு வீட்டு நூலகத்தில் ஒரு நாவலின் முதுகில் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதற்குப் பிறகு அவர் செய்த வேலையின் பலன் எங்கள் கை எட்டும் உயரத்தில் இருந்தது.

சின்ன ஊரிலும் ஒரு நூலகம் இருந்தே ஆக வேண்டும் என்பதும் அவரும் அவர் கூட்டாளிகளும் விடாமல் வற்புறுத்திய விஷயம். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது; சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் நூலகம் நடத்துவது என்பது ஏற்பாடு. இன்று அந்த வரி ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். நூலகத்தில் கால் வைக்காதவரும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சட்டத்துக்கும் முந்திய கதை ஒன்று மன்னார்குடியில் இருக்கிறது. 1931-இல் மேலவாசல் கிராமத்து எஸ். வி. கனகசபை பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுப்புற ஊர்களுக்கு அனுப்பினார். நூலகம் வாசகரைத் தேடிப் போனது அப்போதே நடந்திருக்கிறது. பின்னால் வந்த எங்கள் தலைமுறையில்தான் நூலகம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அப்படி உட்கார்ந்த இடத்துக்கு வர முடியாதவர்கள் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது பெண்கள். கூடத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து பேப்பர் படித்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் அக்கா பெரிய படிப்பாளி. ஆனால் அவள் நூலகம் என்னுடைய சைக்கிள் கேரியரில்தான் வீட்டுக்கு வந்தது. துண்டுச் சீட்டில் லக்ஷ்மி, ராஜம் கிருஷ்ணன், சாண்டில்யன் என்று பெயர்களை எழுதிக் கொடுப்பாள். படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று ஒரு வழி வைத்திருந்தாள். "டேய் தம்பி, பதினேழாம் பக்கத்தைப் பாரு. நம்பருக்குக் கீழே புள்ளி இருந்தா நான் படிச்சது, எடுக்காதே." பென்சில் முனையால் தொட்ட சின்னப் புள்ளி. ஒரு தடவை ஒரு நாவலின் பதினேழாம் பக்கத்தில் புள்ளி மட்டுமல்ல, ஒரு பெருக்கல் குறியும் சின்ன வட்டமும் இருந்தன. நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் அக்காக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது அப்போதுதான். ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பக்கத்தில் வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நடுவில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. ஆட்சி மாறியபின் அவற்றில் பல பூட்டப்பட்டு, புத்தகங்கள் செல்லரித்தன. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டே அதை மருத்துவமனையாக்கும் முடிவு வந்து, உயர் நீதிமன்றம் தடுத்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவில் கோடை போனது. அதற்குள் அம்புலிமாமாவும் இல்லை, கோகுலமும் 2019-இல் நின்றுவிட்டது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது தென் மாவட்டங்களுக்கு முதன்முறையாக அந்த அளவில் ஒரு நூலகம் கிடைத்தது. கோவைக்கும் திருச்சிக்கும் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் வந்தன.

பெரிய கட்டடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்குக் கிளை நூலகத்தில் நடந்திருக்கும் மாற்றம்தான் முக்கியமாகப்படுகிறது. இப்போது சித்திரையில் உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வாசலில் நிற்கும் ஸ்கூட்டிகள். உள்ளே நீள மேசையைச் சுற்றிப் பெண்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஆளுக்கொரு இலக்கு. சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள், மாத நடப்பு நிகழ்வுகள், மாதிரி வினாத்தாள், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்களும் இருக்கிறார்கள். "வீட்டில இருந்தா ஏதாவது ஒரு வேலை சொல்லிக்கிட்டே இருப்பாங்கண்ணா. இங்க வந்தா நாலு மணி நேரம் என்னோடது" என்றார் அவர்களில் ஒருவர். அவருடைய ஐந்து வயது மகள் பக்கத்து அறையில் கோடை முகாமில் வண்ணக் காகிதத்தில் தவளை மடித்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒரே சமயத்தில் நூலகத்துக்குள் இருப்பது, நான் வளர்ந்த ஊரில் நினைத்துப் பார்த்திராத காட்சி.

அவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, நூலகத்தைப் படிப்பகமாக்கிவிட்டார்கள் என்று சில பழைய வாசகர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு, கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாதவருக்கு, ஒரு நாற்காலியும் மின்விசிறியும் அமைதியும் கொடுப்பது நூலகத்தின் வேலைதான். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு வைத்த இடம் அது. தேர்வு முடிந்து வேலை கிடைத்தவர்களில் சிலர், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகிப் பெயர்ப் பலகையில் ஏறியிருக்கிறார்கள். எங்கள் காலத்துப் பலகையில் மளிகைக்கடை முதலாளியும் ரைஸ்மில் முதலாளியும்தான் இருந்தார்கள்.

நடக்க முடியாதவர்களை நோக்கிப் புத்தகம் மறுபடி பயணப்படத் தொடங்கியிருப்பது இன்னொரு நல்ல சேதி. 2022-இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், தன்னார்வலர்கள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு முதியோர், மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிறார்கள். கனகசபை பிள்ளையின் வண்டி போன வேலையைத்தான் கல்லூரிப் பையன் ஒருவன் பைக்கில் போய்ச் செய்கிறான்.

முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூலகரைப் பிள்ளைகள் இப்போது அக்கா என்றோ மிஸ் என்றோ கூப்பிடுகிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரிகிறது. வாசகர் வட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து கதை சொல்கிறார். முயலும் சிங்கமும் கதையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும், நாற்பது பிள்ளைகளும் எம்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலும் கையசைப்பும் எங்களுக்குக் கிடைக்காதவை. கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் காலையில் நான் இருந்தவரைக்கும் ஒரு பிள்ளைகூட அலமாரிப் பக்கம் போகவில்லை. கதை முடிந்ததும் ஓவியம், ஓவியம் முடிந்ததும் சதுரங்கம், பிறகு பிஸ்கட், பிறகு குரூப் போட்டோ. போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், பேப்பர்காரர்களுக்குச் சேதி கொடுக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு நூலகர்தான். பக்கத்து ஊர் நூலகத்துக்கு ஆள் போடாததால் அதையும் அவர்தான் பார்க்கிறார். வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே. இது ஓர் ஊரின் நிலைமை மட்டும் அல்ல. ஓய்வுபெறுகிறவரின் இடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடப்பதும், ஊர்ப்புற நூலகர்கள் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளுவதும், வசூலான நூலக வரி உள்ளாட்சிகளிலிருந்து ஆணைக்குழுவுக்கு வந்துசேரத் தாமதமாவதும் சேர்ந்துதான் ஒருவர் தலையில் இரண்டு நூலகத்தைக் கட்டுகின்றன. ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நிற்க, இதை எடுத்துப் பார் என்று சொல்ல, அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது?

அலமாரியில் இருக்கும் புத்தகமும் கவனிக்கப்பட வேண்டியது. நூலக ஆணை கிடைத்தால்தான் தமிழில் ஒரு சிறு பதிப்பகம் மூச்சுவிட முடியும். ஃபாரம் கணக்கில் விலை போட்டு வாங்கிய காலத்தில், கனத்த பக்கங்களுக்கு மரியாதை இருந்தது. பதினாறே பக்கத்தில் வண்ணப் படங்களோடு வரும் சிறுவர் நூல் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போனது. 2024-இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை வந்து, பதிப்பாளர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். படம் பார்க்கும் வயதுப் பிள்ளைக்கான புத்தகங்கள் இதனால் கிளை நூலகம் வரைக்கும் வந்தால், முகாமுக்கு வரும் ஐந்து வயதுப் பெண்ணுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்று இருக்கும்.

முகாமுக்கு வரும் பிள்ளைகளை அலமாரிப் பக்கம் கொண்டுவரச் சில நூலகர்கள் ஒரு வழி செய்கிறார்கள், அதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. முகாமின் முதல் நாளே வந்த பிள்ளைகள் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுகிறார்கள். காப்புத்தொகையும் சந்தாவும் சின்னத் தொகைதான். கட்ட முடியாத பிள்ளைகளுக்கு வாசகர் வட்டத்தார் கட்டிவிடுகிறார்கள், சில ஊர்களில் பள்ளி ஆசிரியர்களே கட்டுகிறார்கள். தினமும் கடைசி அரை மணி எந்த நிகழ்ச்சியும் கிடையாது. அலமாரிகளைத் திறந்து விட்டுவிட வேண்டும், யார் எதை எடுத்தாலும் கேட்கக் கூடாது, வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் தவணை. மே கடைசியில் முகாம் முடியும்போது கையில் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளை, பள்ளி திறந்தபின் அதைக் கொடுக்க ஜூனில் ஒரு சாயங்காலம் தானாக வந்துதான் ஆக வேண்டும்.