ஓடாத ஓட்டத்தில் தோற்றவர்கள்

2021 மே 2. போலந்து நாட்டின் சைலீசியா மைதானத்தில் உலக ரிலே போட்டியின் பெண்கள் 4x100 மீட்டர் இறுதிச் சுற்று. 43.79 விநாடியில் இத்தாலி தங்கம் வென்றது. ஏழு வாரம் கழித்து, ஜூன் 21ஆம் தேதி, பஞ்சாபின் பட்டியாலாவில் இந்தியப் பெண்கள் நால்வர் அதே தூரத்தை ஓடினார்கள். ஹிமா தாஸ், டூட்டி சந்த், தமிழ்நாட்டின் தனலட்சுமி, அர்ச்சனா சுசீந்திரன். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 43.37 விநாடி. புதிய தேசிய சாதனை.

போலந்தின் மே மாதக் குளிரில் ஓடுவதும், பட்டியாலாவின் ஜூன் மாத வெயிலில் ஓடுவதும் ஒன்றாகாது. ஆகவே, இந்தியா போயிருந்தால் தங்கம் வென்றிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், அங்கே தங்கம் தேவைப்படவே இல்லை. முதல் எட்டு இடங்களுக்குள் வந்தாலே டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி கிடைத்துவிடும். ஜப்பான் பெண்கள் அந்த வழியாகத்தான் தங்கள் டிக்கெட்டை வாங்கினார்கள். நம் பெண்களால் மைதானத்தில் கால் வைக்கவே முடியவில்லை.

மதுரைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கோரிப்பாளையம் சிக்னலிலிருந்து தல்லாகுளம் பக்கம் போனால் வரும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிப் பழகிய ஒரு பெண்ணும் அதே ஆண்டில்தான் ஒலிம்பிக்ஸுக்குப் போனார். அவர் போனதற்கும் இவர்கள் போகாமல் நின்றதற்கும் இடையில் இருந்தது வேகத்தின் வித்தியாசம் மட்டும் இல்லை.

ஏறாத விமானம்

அந்த ஏப்ரல் மாதத்தை நாம் யாரும் லேசில் மறக்க முடியாது. ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ஊரே அலைந்த நேரம். கோரிப்பாளையத்தை ஒட்டியிருக்கும் ராஜாஜி அரசு மருத்துவமனைப் பக்கம் அப்போது போனவர்களுக்கு அந்த நாட்களின் பயம் இன்னமும் நினைவிருக்கும். கொரோனாவின் இரண்டாம் அலை இந்தியாவை உலுக்கியதும், நாடுகள் ஒவ்வொன்றாக இந்திய விமானங்களுக்குக் கதவைச் சாத்தின.

உலக ரிலே போட்டி மே 1, 2 தேதிகளில். பெண்கள் 4x100 அணியும் ஆண்கள் 4x400 அணியும் போவதாக ஏற்பாடு. இந்தியாவிலிருந்து போலந்துக்கு நேரடி விமானம் கிடைக்கவில்லை; மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். ஏப்ரல் 26ஆம் தேதி மாலையோடு இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் விமானங்களை நெதர்லாந்து நிறுத்தியது. வேறு வழி தேட நாளும் இல்லை. பயணம் ரத்து என்று இந்தியத் தடகளச் சம்மேளனம் அறிவித்தது.

நெதர்லாந்து செய்தது தவறு என்று சொல்ல முடியாது. அந்த வாரத்தில் எந்த நாடும் அதைத்தான் செய்திருக்கும். கேள்வி வேறு: தன் தவறு எதுவும் இல்லாமல் ஓட்டத்தை இழந்த அணிக்கு விளையாட்டு உலகம் என்ன ஈடு தந்தது? அநேகமாக எதுவும் இல்லை. தகுதிக்கான கடைசி நாளான ஜூன் 29 அப்படியே நின்றது.

அடுத்ததாக மத்திய ஆசியாவில் போய் ஓடலாம் என்று போட்ட திட்டமும் கொரோனாக் கட்டுப்பாடுகளில் அடிபட்டது. கடைசியில் பட்டியாலாவிலேயே ஒரு போட்டி நடத்தப்பட்டது. மாலத்தீவு அணி வந்து நம் பெண்களோடு ஓடியது. அங்கே வந்ததுதான் அந்த 43.37. ஆனாலும் தரவரிசை வழியாக உள்ளே நுழைய அந்த நேரம் போதவில்லை. அதற்குச் சில நாட்கள் கழித்து நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் ஹிமா தாஸுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதோடு முடிந்தது.

டூட்டி சந்த்தும் தனலட்சுமியும் பின்னாளில் ஊக்கமருந்துத் தடைக்கு ஆளானதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் தவறுக்கு உரிய தண்டனையை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். 2021 மே மாதத்தில் அவர்களோடு சேர்த்து ஒரு முழு அணிக்கும் வாய்ப்பு போனது அதனால் இல்லை.

சக்கிமங்கலத்துப் பெண் எப்படிப் போனார்?

அந்த ஆண்டு டோக்கியோவுக்குப் போன இந்திய ரிலே அணிகள் இரண்டு. ஆண்கள் 4x400, ஆணும் பெண்ணும் கலந்து ஓடும் 4x400. இரண்டாவது அணியில் ஓடியவர்தான் ரேவதி வீரமணி.

மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலம் அவர் ஊர். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கூலி வேலை செய்த பாட்டிதான் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காமல் பள்ளிக்கூடம் அனுப்பினார். பள்ளிப் போட்டி ஒன்றில் ரேவதி ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். தினமும் பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே என்பதுதான் முதல் தடை. லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்த பிறகே அந்தக் கவலை தீர்ந்தது. ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடிய பெண் அவர். 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை தேசிய முகாமின் பயிற்சியாளர் கலினா புகாரினா 400 மீட்டருக்கு மாற்றினார்.

2021 ஜூலை 4ஆம் தேதி பட்டியாலாவில் தேர்வு ஓட்டம். 53.55 விநாடியில் ரேவதி முதலிடம். ஜூலை 30ஆம் தேதி டோக்கியோவில் முகமது அனஸ், ரேவதி, திருச்சியின் சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய நால்வரும் 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடினார்கள். நால்வரில் மூவர் தமிழ்நாடு. தகுதிச் சுற்றில் கடைசி இடம்தான். அதனால் என்ன? மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒலிம்பிக் தடத்தில் ஓடினார்.

இந்த அணிக்கு மட்டும் இடம் எப்படி இருந்தது? 2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் இந்தியக் கலப்பு அணி இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தது. இறுதிக்கு வந்த அணிகளுக்கு அப்போதே ஒலிம்பிக் இடம் உறுதி. அன்று ஓடியவர்களில் அனஸ் தவிர மற்றவர்கள் வேறு. ஓடி வைத்த இடம் ரேவதிக்குப் பயன்பட்டது. ஆண்கள் 4x400 அணிக்குத் தரவரிசை கைகொடுத்தது. டோக்கியோவில் அவர்கள் 3 நிமிடம் 00.25 விநாடியில் ஆசிய சாதனையே படைத்து, இறுதிச் சுற்றை மயிரிழையில் தவறவிட்டார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே கொரோனா. முன்பே ஓடி முடித்துக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த அணிகள் தப்பித்தன. அந்த ஒரு பயணத்தையே நம்பியிருந்த அணி மூழ்கியது. ரத்தான ஓட்டம் எல்லோரையும் ஒரே அளவில் அடிப்பதில்லை. கையிருப்பு இல்லாதவனைத்தான் அது பலமாக அடிக்கிறது.

கோல் மாறும் இடம்

தனி ஓட்டக்காரருக்கு ஒரு போட்டி போனால் இன்னொன்று கிடைக்கலாம். ரிலேயில் அது கடினம். 4x100இல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் மாறுவதற்கு 30 மீட்டர் தூரம்தான் உண்டு. அதற்குள் மாறவில்லை என்றால் அணியே வெளியே. கோலை வாங்குகிறவர் தனக்குப் பின்னால் பல அடி தள்ளித் தடத்தில் ஒரு டேப்பை ஒட்டி வைத்திருப்பார். வருகிறவர் அந்த அடையாளத்தைத் தொட்டதும் இவர் திரும்பிப் பார்க்காமல் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். பின்னாலிருந்து குரல் வந்ததும் கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். கோல் வந்து விழும். டேப்பை அரை அடி தள்ளி ஒட்டினாலும் கணக்குத் தப்பிவிடும்.

இது நால்வரும் சேர்ந்து பல மாதம் பழகி வருவது. அதுவும் பக்கத்துத் தடங்களில் வேறு அணிகள் சீறிக்கொண்டு வரும்போது, அந்தக் கூச்சலிலும் பதற்றத்திலும் சரியாகச் செய்து பார்க்க வேண்டும். அதைப் போட்டியில்தான் கற்க முடியும். அதனால்தான் ஒரு ரிலே அணியின் பயணம் ரத்தாவது பெரிய இழப்பு.

பனியிலும் இதே கதை

வெயில் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வந்த துயரம் இல்லை இது. பனிச்சறுக்கு வீரர்கள் இதை ஆண்டுதோறும் அனுபவிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் தொடங்கி இத்தாலியின் செர்வீனியாவில் முடிவதாக, எல்லை தாண்டும் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். 2022இல் பனி போதவில்லை. 2023இல் கடும் காற்றும் பனிப்பொழிவும். இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து எட்டுப் பந்தயங்கள் அறிவிக்கப்பட்டு ஒன்றுகூட நடக்கவில்லை. வீரர்கள் மலையேறி வந்து, காத்திருந்து, மூட்டை கட்டினார்கள். உலகக் கோப்பை அணிகளுக்கு அடுத்த வாரம் அடுத்த ஊரில் பந்தயம் இருக்கும். காஷ்மீரின் குல்மார்கிலிருந்து கிளம்பிய ஆரிஃப் கானுக்கு அப்படி இல்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கான தகுதிப் புள்ளிகளை அவர் துபாயில் கூரைக்கு அடியிலே செய்த பனியில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு 2022இல் அவர் ஒலிம்பிக்ஸில் நின்றார்.

இன்னும் கொடுமையானது காது கேளாதோருக்கான குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு 2011இல் நடந்தது. ஸ்லோவாக்கியாவில் பிப்ரவரி 18ஆம் தேதி தொடங்க வேண்டிய போட்டி, ஒரு வாரம் இருக்கும்போது ரத்தானது. ஏற்பாட்டுக் குழு பணத்தில் மோசம் செய்திருந்தது வெளியே வந்தது. அந்த வீரர்களுக்கு அடுத்த குளிர்காலப் போட்டி 2015இல்தான். விளையாட்டு வாழ்வில் நான்கு ஆண்டு என்பது சிலருக்கு முழு வாழ்வு.

காது கேளாதோருக்கான கோடைகாலப் போட்டியில் நேர்மாறாக நடந்தது, அதன் பலன் மதுரைக்கு வந்தது. 2021 டிசம்பரில் பிரேசிலில் நடக்க வேண்டிய போட்டியைக் கொரோனா காரணமாக ரத்து செய்யாமல் 2022 மே மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அங்கே போன மதுரை மாணவி ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்று வந்தார். ஐந்து மாதம் தாமதம். ஆனால் போட்டி இருந்தது. 2025இல் குல்மார்கில் பனி இல்லாமல் நின்ற கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியும் அப்படித்தான்: பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளி நடத்தி முடித்தார்கள்.

தள்ளி வைத்தால் உழைப்பு மிஞ்சும். ரத்து செய்து மாற்று தராவிட்டால் உழைப்பு முழுவதும் மண்ணாகும்.

போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்?

2024 மே மாதம் பஹாமாஸின் நசாவ் நகரில் உலக ரிலே போட்டி. இந்த முறை இந்திய அணிகள் போய்ச் சேர்ந்தன. முதல் நாள் ஆண்கள் 4x400இல் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷுக்குப் பாதி ஓட்டத்தில் தசைப்பிடிப்பு. ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை. பெண்கள் 4x400 அணிக்கும் முதல் நாள் இடம் கிடைக்கவில்லை. ஆனால், தோற்ற அணிகளுக்கு மறுநாள் இன்னொரு சுற்று என்று விதியே இருந்தது. அந்தச் சுற்றில் இரண்டு அணிகளும் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றன. பெண்கள் அணியின் நால்வரில் சுபா வெங்கடேசனும் ஒருவர்.

தடத்தில் விழுந்தவனுக்கு மறுநாள் வாய்ப்பு தரும் விதி நல்ல விதி. விமானம் நின்றதால் வர முடியாத அணிக்கும் அப்படி ஒரு வழி ஏன் இருக்கக் கூடாது? ஒரு நாட்டின் எல்லை மூடப்பட்டால், அந்த அணிக்கு வேறு ஊரில் நடுவர்கள் முன்னிலையில் ஓட ஒரு மாற்று நாள் தருவது உலகத் தடகள அமைப்புக்கு முடியாத காரியம் இல்லை. இந்தியத் தடகளச் சம்மேளனமும் தமிழக அரசும் இதைக் கேட்க வேண்டும்.

மதுரையால் முடியும்

கேட்பதோடு நின்றால் போதாது. நம் ஊரிலேயே ஓடும் வாய்ப்பை உண்டாக்க வேண்டும். பட்டியாலாவில் மாலத்தீவு அணி வந்து ஓடியதே, அந்த வழியைப் பெரிதாக்க வேண்டும்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். டெல்லி இதைவிடத் தூரம். இலங்கை ஓட்டக்காரர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 2023இல் பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஆண்கள் 4x400இல் இலங்கை தங்கம், இந்தியா வெள்ளி. கலப்பு ரிலேயில் இந்தியா தங்கம், இலங்கை வெள்ளி. ஆசியாவின் மிகச் சிறந்த எதிராளி கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கும்போது, ஒரு நல்ல ரிலே ஓட்டத்துக்காக நம் பிள்ளைகள் ஏன் கண்டம் தாண்டும் ஒரே பயணத்தை நம்ப வேண்டும்?

வெளிநாட்டு அணிகளை அழைத்து வந்து உபசரிக்க மதுரைக்குத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். ரேஸ்கோர்ஸிலேயே அதற்காகப் புது ஹாக்கி அரங்கம் எழுந்தது. வருவதாக இருந்த பாகிஸ்தான் விலகிக்கொண்டதும் அந்த இடத்துக்கு ஓமன் அழைக்கப்பட்டது, போட்டி நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டியைச் சென்னை நடத்தியது. ஹாக்கிக்கு முடிந்தது, சென்னைக்கு முடிந்தது, மதுரைத் தடகளத்துக்கு முடியாதா?

ஆண்டுக்கு ஒரு முறை, தகுதிக் காலம் முடிவதற்குச் சில வாரம் முன்னால், இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், நேபாள அணிகள் ஓடும் ரிலே போட்டி ஒன்று மதுரையில் வேண்டும். சர்வதேசத் தகுதிக் கணக்கில் ஏறும்படி, உரிய நடுவர்களோடும் மின்னணு நேரக் கருவியோடும் ஊக்கமருந்துச் சோதனையோடும் அது நடக்க வேண்டும். மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதை எடுத்துச் செய்யலாம். இதற்கு ஆகும் செலவு ஓர் உலகக் கோப்பைச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்த முறை எங்கோ ஒரு விமானம் நிற்கும். எரிமலைப் புகையோ, போரோ, புது நோயோ காரணமாக இருக்கும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. அப்போதும் நம் பெண்கள் ஓட ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் கோரிப்பாளையத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது.