டிரைவருக்கு மாரடைப்பு... கண்டக்டர் தப்பியது எப்படி?

லண்டனின் சிவப்பு நிற டபுள் டெக்கர் பஸ்ஸை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். 1940-களின் கடைசியில், அந்த பஸ்ஸில் வேலை பார்த்த இரண்டு பேர்தான் இதய மருத்துவத்தில் ஒரு புதிய கதவைத் திறந்துவிட்டார்கள்.

டிரைவர், வேலை நேரத்தில் சுமார் 90 சதவிகிதம் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கியபடியே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் சாவது அதிகரித்துக்கொண்டே போனது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், 'செய்கிற வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ?' என்று யோசித்தார். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் விவரங்களை அவருடைய குழு அலசியது.

வந்த விடை அவரையே அசத்தியது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் தாமதமாகத்தான் வந்தது. வந்தவுடனே ஆளைக் கொண்டுபோகும் மாரடைப்போ, டிரைவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் இருவரும் ஓடியது அதே பஸ்ஸில், அதே ரோட்டில்!

நாமாக இருந்தால் மறுநாளே ஊரைக் கூட்டியிருப்போம். மோரிஸ் வாய் திறக்கவில்லை. டிராஃபிக்கில் மல்லுக்கட்டும் டிரைவரின் டென்ஷன்கூடக் காரணமாக இருக்கலாமே? அதனால் தபால் துறைக்குப் போனார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுப்பவர்களை, உட்கார்ந்தே வேலை பார்க்கும் கிளார்க்குகளோடும் டெலிபோன் ஆபரேட்டர்களோடும் ஒப்பிட்டார். அங்கும் அதே கதை. அதன் பிறகே, 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது.

அப்போதும் பலர் நம்பவில்லை. 'குண்டாக இருக்கிறவர்கள் டிரைவர் வேலைக்கும், ஒல்லியானவர்கள் கண்டக்டர் வேலைக்கும் போகிறார்களோ, என்னவோ' என்பது நியாயமான சந்தேகம்தான். இதற்கு மோரிஸ் குழு தேடிப்போன ஆதாரம் சுவாரஸ்யமானது... யூனிஃபார்ம் பேன்ட்! நிர்வாகம் தைத்துக்கொடுத்த பேன்ட்களின் இடுப்பளவைப் பார்த்தபோது, டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதாக இருந்தது உண்மைதான் என்று தெரிந்தது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால், ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும், கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. 1956-ல் இதையும் 'லான்செட்' இதழிலேயே வெளியிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தன் முடிவுக்கு எதிரான கேள்வியை ஒதுக்காமல், தையல் அளவு வரை தேடிப்போன பொறுமை.

'நான் கண்டக்டரும் இல்லை, போஸ்ட்மேனும் இல்லை. எனக்கு என்ன வழி?' என்கிறீர்களா? மோரிஸ் அடுத்து எடுத்துக்கொண்டதும் உங்களைப் போன்றவர்களைத்தான். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சுமார் 17,000 அரசு ஊழியர்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று எழுதி வாங்கினார். விறுவிறுப்பான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து, செய்யாதவர்களுக்கு இருந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்றது 1973-ல் வெளியான முடிவு.

பிற்பாடு 1990-ல் வந்த ஆய்வில், சிலருக்குச் சுருக்கென்று தைக்கும் ஒரு தகவல் உண்டு. இளமையில் நன்றாக விளையாடிவிட்டுப் பிறகு நிறுத்தியவர்களுக்கு, பழைய விளையாட்டால் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சவில்லை. 'காலேஜ்ல நான்தான் கபடி கேப்டன்' என்று பெருமை பேசும் சித்தப்பாக்களுக்கு இதை ஃபார்வர்ட் செய்யலாம்! (அதற்காக நாளைக்கே அவரை ஓடவைத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு மெதுவான நடையில் தொடங்குவதே சரி.)

இந்த ஆய்வுகளில் ஒரு குறையும் உண்டு. பங்கேற்ற எல்லோரும் ஆண்கள். பெண்களின் இதயத்தைப் பற்றிப் பேச, வேறு ஆய்வுகள் வரவேண்டியிருந்தது.

மோரிஸ் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்தவர் இல்லை. 1960-களில், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் அவர் ஓட ஆரம்பித்தபோது, பார்த்தவர்கள் விநோதமாக நினைத்தார்களாம். 2009-ல் அவர் இறந்தபோது வயது 99!