2022 அகில அயர்லாந்து இளையோர் ஹர்லிங் வாகையாளர் போட்டி

2022 அகில அயர்லாந்து இளையோர் ஹர்லிங் வாகையாளர் போட்டி என்பது அயர்லாந்தின் கவுண்டி அணிகளுக்கு இடையே 17 வயதுக்கு உட்பட்டோருக்காக நடத்தப்பட்ட ஹர்லிங் தொடர் ஆகும். 1928 ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டியின் 92 ஆவது தொடர் இது. 2022 ஜூலை 3 அன்று கில்கெனி நகரின் நவ்லன் பார்க் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் டிப்பரரி அணி 1-17 என்ற கணக்கில், 1-16 எடுத்த ஆஃபலி அணியை வென்றது. இழப்பீட்டு நேரத்தில் அடிக்கப்பட்ட ஒரு கோலே வெற்றியைத் தீர்மானித்தது. 33 ஆண்டுகளுக்குப் பின் இறுதிக்கு வந்த ஆஃபலி ஒரே புள்ளியில் தோற்றது. ஆனால் ஹர்லிங்கில் நெடுங்காலம் பின்தங்கியிருந்த அக்கவுண்டியின் மீட்சி இத்தொடரிலேயே தெளிவாக வெளிப்பட்டது.

ஆட்டமும் புள்ளி முறையும்

ஹர்லிங் அயர்லாந்தின் தொன்மையான விளையாட்டுகளுள் ஒன்று. 2018 இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. ஓர் அணிக்கு 15 பேர் ஆடுவர். நுனி அகன்ற மரமட்டை ஹர்லி எனப்படும். இது பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்யப்படுகிறது. தோலால் மூடப்பட்ட சிறிய பந்து ஸ்லிதர் எனப்படும். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், வானில் பறக்கும்போதும் அடிக்கலாம். கையில் பிடித்துக்கொண்டு நான்கு அடிகளுக்கு மேல் நடத்தல் ஆகாது.

கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்தான 'எச்' வடிவில் அமைந்திருக்கும். பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலாகக் கம்பங்களுக்கிடையே சென்றால் ஒரு புள்ளி கிடைக்கும். சட்டத்துக்குக் கீழே வலைக்குள் சென்றால் அது கோல் ஆகும். ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம். முடிவுகளை எழுதும்போது முதலில் கோல்களின் எண்ணிக்கையையும், இணைக்கோட்டுக்குப் பின் புள்ளிகளின் எண்ணிக்கையையும் குறிப்பர். எனவே 1-17 என்பது மொத்தம் 20 புள்ளிகள்; 1-16 என்பது 19 புள்ளிகள். இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருக்கும் அணி ஒரே அடியில் ஒரு புள்ளி முன்னிலை பெற இம்முறை இடமளிக்கிறது. 2022 இறுதி ஆட்டத்தில் நிகழ்ந்தது அதுவே.

இளையோர் போட்டியின் வரலாறு

ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும் நிர்வகிக்கும் கேலிக் தடகளச் சங்கம் 1884 இல் டிப்பரரி கவுண்டியின் தர்லெஸ் நகரில் நிறுவப்பட்டது. இச்சங்கத்தின் விளையாட்டுகள் ஊதியமற்றவை. ஒருவர் தம் ஊர்க் கழகத்துக்கும், அதன் வழியாகத் தம் கவுண்டிக்கும் ஆடுகிறார். பணம் கொடுத்து வேறு கவுண்டியின் வீரரை வாங்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஒரு கவுண்டியின் எதிர்காலம் அங்குள்ள சிறுவர்களையே சார்ந்துள்ளது. இளையோர் போட்டிக்கு உள்ள முதன்மைக்கு இதுவே காரணம்.

முதல் இளையோர் ஹர்லிங் தொடரை 1928 இல் கார்க் வென்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாடுகளால் 1942 முதல் 1944 வரை போட்டி நடைபெறவில்லை. வெற்றி பெறும் அணிக்கு ஐரிஷ் பிரஸ் கிண்ணம் வழங்கப்படுகிறது. டிப்பரரி, கில்கெனி, கார்க் ஆகிய மூன்று கவுண்டிகளே பெரும்பாலான பட்டங்களை வென்றுள்ளன. 2017 முதல் 2020 வரையிலான நான்கு தொடர்களையும் கால்வே தொடர்ச்சியாக வென்றது. 2021 இல் கார்க் பட்டம் பெற்றது.

2017 வரை 18 வயதுக்கு உட்பட்டோர் இப்போட்டியில் ஆடினர். 2018 இல் வயது வரம்பு 17 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் ஆண்டிலேயே மாணவர்கள் கவுண்டி அணிக்கும் ஆட வேண்டியிருந்ததும், ஒரே இளைஞர் பல அணிகளுக்கு ஆடிக் களைத்துப்போவதும் இதற்கான காரணங்களாகும். 2019 வரை இளையோர் இறுதி ஆட்டம் பொதுவாக டப்ளின் குரோக் பார்க்கில் மூத்தோர் இறுதி ஆட்டத்துக்கு முன்னர் அதே நாளில் நடத்தப்பட்டு வந்தது. 2022 இறுதி ஆட்டம் தனித்து, கில்கெனியில் நடைபெற்றது.

ஆஃபலியின் பின்னணி

ஆஃபலி அயர்லாந்தின் நடுப்பகுதியில், லெய்ன்ஸ்டர் மாகாணத்தில் உள்ளது. 2022 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. அண்டையிலுள்ள டிப்பரரியின் மக்கள்தொகை இதைப்போல் இரு மடங்கு. மேலும் ஆஃபலி முழுவதிலும் ஹர்லிங் ஆடப்படுவதில்லை. பர் நகரைச் சுற்றிய தெற்குப் பகுதியிலேயே அது வேரூன்றியுள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் கேலிக் கால்பந்தே முதன்மையானது. 1887 ஆம் ஆண்டுக்கான முதலாவது அகில அயர்லாந்து மூத்தோர் ஹர்லிங் இறுதி ஆட்டம் 1888 இல் பர் நகரில்தான் நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதில் வென்றதும் டிப்பரரியே.

ஆஃபலி மூத்தோர் பட்டத்தை 1981, 1985, 1994, 1998 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இளையோர் பட்டத்தை 1986, 1987, 1989 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இவ்விரு வரிசைகளுக்கும் தொடர்பு உண்டு. எண்பதுகளின் இளையோர் அணிகளில் ஆடிய பிரயன் வீலஹன், ஜான் டிராய் முதலியோரே தொண்ணூறுகளின் மூத்தோர் அணிக்குத் தூண்களாக விளங்கினர்.

அதன்பின் வீழ்ச்சி தொடங்கியது. 2000 இல் லெய்ன்ஸ்டர் இளையோர் பட்டத்தை வென்ற ஆஃபலி, அடுத்த இருபது ஆண்டுகளில் அதை மீண்டும் பெறவில்லை. மூத்தோர் அணி 2018 இல் லெய்ன்ஸ்டர் தொடரிலிருந்து இரண்டாம் நிலையான ஜோ மெக்டோனா கிண்ணத்துக்கும், 2019 இல் மூன்றாம் நிலையான கிறிஸ்டி ரிங் கிண்ணத்துக்கும் தரமிறக்கப்பட்டது. நான்கு முறை நாட்டின் பட்டத்தை வென்ற கவுண்டிக்கு இது பெருத்த தாழ்வாகக் கருதப்பட்டது. 2021 இல் கிறிஸ்டி ரிங் கிண்ணத்தை வென்று அவ்வணி ஒரு படி ஏறியது. அதே ஆண்டில் ஆஃபலியின் 20 வயதுக்கு உட்பட்ட கால்பந்து அணி அகில அயர்லாந்துப் பட்டம் பெற்றது.

தொடரின் அமைப்பு

ஹர்லிங்கில் வலுவான கவுண்டிகள் பெரும்பாலும் மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர் ஆகிய இரு மாகாணங்களில் உள்ளன. இம்மாகாணங்களில் தனித்தனியே போட்டிகள் நடத்தப்பட்டு, இரு வாகையாளர்களும் நேரடியாக அரையிறுதிக்குச் சென்றனர். கொனாக்ட் மாகாணத்தைச் சேர்ந்த கால்வேக்கு அங்கு ஈடான எதிரணி இல்லை. ஆகவே இரு மாகாணங்களிலும் இரண்டாமிடம் பெற்ற அணிகளுடன் கால்வே ஒரே குழுவில் ஆடியது. அக்குழுவிலிருந்து இரு அணிகள் அரையிறுதிக்குத் தேர்வாயின.

மாகாணப் போட்டிகள்

லெய்ன்ஸ்டர் இறுதியில் ஆஃபலியும் லீஷும் மோதின. வழக்கமாக இம்மாகாணத்தில் ஆதிக்கம் செலுத்தும் கில்கெனியோ, மக்கள்தொகை மிகுந்த டப்ளினோ இறுதிக்கு வரவில்லை. ஆஃபலி வென்று, 22 ஆண்டுகளுக்குப் பின் லெய்ன்ஸ்டர் இளையோர் பட்டத்தைப் பெற்றது. கில்கோர்மக்-கில்லாஹி கழகத்தைச் சேர்ந்த ஆடம் ஸ்க்ரீனி அணியின் முதன்மைப் புள்ளி எடுப்பாளராக விளங்கினார்.

மன்ஸ்டர் இறுதியில் டிப்பரரியும் கிளேரும் ஆடின. கூடுதல் நேரத்துக்குப் பின்னரும் ஆட்டம் சமநிலையில் இருந்ததால் தண்ட அடிகள் மூலம் முடிவு காணப்பட்டது. இம்முறையில் ஒருவர் 20 மீட்டர் கோட்டிலிருந்து அடிக்க, கோல் காப்பாளர் மட்டுமே தடுக்கிறார். டிப்பரரி வென்றது. பதினேழு வயதுக்கு உட்பட்டோரின் மாகாணப் பட்டத்தை இவ்வாறு தீர்மானிப்பது முறையா, மறு ஆட்டம் வைத்திருக்கலாகாதா என்ற விவாதம் அப்போது எழுந்தது.

அரையிறுதி

லீஷ் குழுச் சுற்றோடு வெளியேற, கிளேரும் கால்வேயும் அரையிறுதிக்கு வந்தன. மன்ஸ்டர் வாகையாளரான டிப்பரரி கால்வேயை வென்றது. லெய்ன்ஸ்டர் வாகையாளரான ஆஃபலி கிளேரை வென்றது. டிப்பரரியுடன் சமநிலை வரை வந்த கிளேரை வென்றதால், ஆஃபலியின் மாகாண வெற்றி தற்செயலானதன்று என்பது புலனாயிற்று. 1989 க்குப் பின் அக்கவுண்டி இளையோர் இறுதிக்குத் தகுதி பெற்றது இதுவே முதன்முறை.

இறுதி ஆட்டம்

டிப்பரரி அணியை ஜேம்ஸ் வுட்லாக்கும் ஆஃபலி அணியை லியோ ஓ'கானரும் வழிநடத்தினர். இளையோர் ஆட்டம் 60 நிமிடங்கள் கொண்டது. அந்த 60 நிமிடங்கள் முடிந்தபின் வழங்கப்பட்ட இழப்பீட்டு நேரத்தில் ஆஃபலி 1-16 எனவும் டிப்பரரி 0-17 எனவும் இருந்தன. அதாவது ஆஃபலி இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது.

அப்போது டிப்பரரிக்குத் தொலைவிலிருந்து ஒரு தனி அடி கிடைத்தது. கம்பங்களுக்கு மேலாக அடித்தால் ஒரு புள்ளியே கிடைக்கும்; அது போதாது. ஆகவே பந்து கோல் வாயிலை நோக்கி உயர்த்தி அடிக்கப்பட்டது. அங்கு இரு அணியினரும் கூடியிருந்த நெரிசலில் டிப்பரரி வீரர் ஒருவரின் மட்டை பட்டுப் பந்து வலைக்குள் சென்றது. ஆட்டம் 1-17, 1-16 என முடிந்தது.

கோல் குறித்த சர்ச்சை

இறுதிக் கோல் செல்லுமா என்பது குறித்து ஆட்டத்துக்குப் பின் பெரும் சர்ச்சை எழுந்தது. ஹர்லிங்கில் கோல் வாயிலுக்கு முன்னால் சிறு செவ்வகம் ஒன்று வரையப்பட்டிருக்கும். தனி அடி அடிக்கப்படும்போது, பந்து அச்செவ்வகத்துக்குள் வருமுன் தாக்கும் அணியினர் அதற்குள் நுழைதல் ஆகாது. அதற்குள் நிற்கும் கோல் காப்பாளரை மோதித் தள்ளுதலும் ஆகாது. பல வீரர்கள் ஒரே கணத்தில் பாயும் இடத்தில் இவ்விதிகளைக் கண்ணால் மட்டும் கண்காணிப்பது கடினம்.

நடுவருக்கு உதவியாக ஒவ்வொரு கோல் கம்பத்தின் அருகிலும் ஒரு துணை நடுவர் நிற்பார். கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் காட்டப்படும். நிகழ்படத்தைத் திரும்பப் பார்த்து விதிமீறலைத் தீர்மானிக்கும் முறை இல்லை. குரோக் பார்க்கில் 2013 முதலும் தர்லெஸில் 2016 முதலும் பயன்பட்ட ஹாக்-ஐ கருவிகூட, பந்து கம்பங்களுக்கிடையே சென்றதா என்பதை மட்டுமே கூறவல்லது. எனவே களத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பே இறுதியானது. முடிவு மாற்றப்படவில்லை.

ஆஃபலி மக்கள் இதனை 1998 நிகழ்வுடன் ஒப்பிட இடமுண்டு. அவ்வாண்டு மூத்தோர் அரையிறுதியின் மறு ஆட்டத்தில் கிளேர் முன்னிலையில் இருந்தபோது, நடுவர் தவறுதலாக ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் முன்னதாகவே ஆட்டத்தை முடித்தார். ஆஃபலி ஆதரவாளர்கள் குரோக் பார்க் மைதானத்தில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மூன்றாவது ஆட்டம் நடத்தப்பட்டு அதில் ஆஃபலி வென்றது. இறுதியில் கில்கெனியை 2-16, 1-13 என்ற கணக்கில் வென்று பட்டமும் பெற்றது. ஆட்ட நேரம் குறைந்ததை அளந்து நிறுவ முடியும். விதிமீறல் நடந்ததா என்பது நடுவரின் கணிப்பைச் சார்ந்தது. இரு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பின்விளைவுகள்

2022 அணியில் ஆடிய பலர் அடுத்த ஆண்டுகளில் 20 வயதுக்கு உட்பட்ட அணிக்கு உயர்ந்தனர். அவ்வணிக்கும் லியோ ஓ'கானரே பொறுப்பேற்றார். அதன் பயன்கள் வருமாறு:

* 2023: 20 வயதுக்கு உட்பட்டோர் இறுதியில் கார்க் 2-22, ஆஃபலி 3-13. ஆஃபலி மீண்டும் தோற்றது.
* 2024 ஜூன் 1: அதே தொடரின் இறுதியில் ஆஃபலி 2-20, டிப்பரரி 2-14. 2022 இல் தோற்ற அதே நவ்லன் பார்க்கில், அதே எதிரணியை ஆஃபலி வென்றது. இந்நிலையில் அக்கவுண்டி பெற்ற முதல் பட்டம் இது.
* 2024 ஜூன் 8: மூத்தோர் அணி லீஷை வென்று ஜோ மெக்டோனா கிண்ணத்தைப் பெற்றது. 2025 இல் அது முதல் நிலை லெய்ன்ஸ்டர் தொடரில் ஆடியது.

டிப்பரரியும் பயன் பெற்றது. 2022 இளையோர் அணியைச் சேர்ந்த சாம் ஓ'ஃபாரல், டாரா மெக்கார்த்தி ஆகியோர், 2025 ஜூலையில் கார்க்கை 3-27, 1-18 என்ற கணக்கில் வென்று அகில அயர்லாந்து மூத்தோர் பட்டம் பெற்ற அணியில் இடம்பெற்றனர்.

முக்கியத்துவம்

இளையோர் வெற்றி மூத்தோர் வெற்றிக்கு உறுதி அளிப்பதில்லை. நான்கு இளையோர் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற கால்வே, அவற்றுக்குப் பிந்தைய 2021 முதல் 2025 வரையிலான ஆண்டுகளில் மூத்தோர் பட்டம் எதையும் பெறவில்லை. 2000 இல் மாகாணப் பட்டம் பெற்ற ஆஃபலியும் அதன்பின் வீழ்ச்சியே கண்டது. ஆனால் வெளியிலிருந்து வீரர்களைப் பெற இயலாத ஊதியமற்ற விளையாட்டில், நல்ல இளையோர் அணி இன்றி மீட்சி இல்லை என்பதும் உண்மை. 2022 தொடரின் கிண்ணம் டிப்பரரிக்குச் சென்றது. ஒரு புள்ளியில் தோற்ற ஆஃபலி சிறுவர்களோ, இரண்டு ஆண்டுகளுக்குள் தம் கவுண்டிக்கு அதுவரை இல்லாத ஒரு பட்டத்தைப் பெற்றுத் தந்தனர்.